புது வீட்டின் வெளிப்பூச்சு: சாரம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய செலவும் தரமும்

திருச்சிக்கு அருகே நாங்கள் கட்டிய இரண்டு மாடி வீட்டின் வெளிப்பூச்சுக்கு 1,75,000 ரூபாய் ஒதுக்கியிருந்தோம். வேலை முடிந்தபோது 2,20,000 ரூபாய் செலவாகியிருந்தது. அடுத்து வந்த ஐப்பசி மழையில் படுக்கையறைச் சுவரின் உட்புறம், ஜன்னலுக்கு மேலே, சாப்பாட்டுத் தட்டின் அளவுக்கு ஈரம் படர்ந்தது. கூடுதலாகப் போன 45,000 ரூபாயும் அந்த ஈரமும் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னர் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்தேன். ஏறக்குறைய எல்லாமே பூச்சு வேலை தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் தூக்குக்குண்டும் கையில் இருந்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. முதல் முறையாக வீடு கட்டுகிற உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காக, வேலை நடக்கும் வரிசையிலேயே எல்லாவற்றையும் எழுதுகிறேன். செங்கல் சுவருக்கு மணலும் சிமெண்டும் கலந்து பூசும் வழக்கமான பூச்சை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். ஏ.ஏ.சி. பிளாக் (காற்றுக்குமிழ்கள் கொண்ட, எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவருக்குப் பொருளும் முறையும் மாறும்.

1. சுவரின் பரப்பையும் கோணலையும் நீங்களே அளந்து எழுதுங்கள்

கூலி பேசுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். பரப்பைக் கணக்கிடுவது எளிது. வீட்டின் சுற்றளவை, தரையிலிருந்து கைப்பிடிச்சுவரின் உச்சி வரையுள்ள உயரத்தால் பெருக்க வேண்டும். எங்கள் வீட்டின் சுற்றளவு 130 அடி, உயரம் 26 அடி, ஆக 3,380 சதுர அடி. இதோடு கைப்பிடிச்சுவரின் உட்பக்கம், அதன் மேற்பரப்பு, சன்ஷேடுகளின் மேலும் கீழும் என்று நாம் மறந்துவிடும் பகுதிகளைச் சேர்த்தபோது மொத்தம் 3,700 சதுர அடி வந்தது. நம் ஊர் வழக்கில் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். அப்படிப் பார்த்தால் 37 சதுரம்.

அடுத்தது கோணல். பணம் கரையும் இடம் இதுதான் என்பதால் பொறுமையாகச் செய்யுங்கள். கைப்பிடிச்சுவரின் மேலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு சுவரிலும் இரண்டு ஓரங்கள், நடு என்று மூன்று இடங்களில் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். மேலே, முதல் மாடித் தளத்தின் மட்டத்தில், கீழே என்று உயரத்திலும் மூன்று அளவுகள் எடுத்தால் ஒரு சுவருக்கு ஒன்பது எண்கள் கிடைக்கும். எங்கள் மேற்குச் சுவரில் முதல் மாடித் தளத்தின் விளிம்பு கீழ்ச் சுவரைவிட வெளியே தள்ளியிருந்தது. தளத்துக்கு வெளிவிளிம்புப் பலகை அடிக்கும்போது யாரும் கவனிக்கவில்லை. தளத்தின் விளிம்பைச் செதுக்காமல் முழுச் சுவரையும் அந்த மட்டத்துக்குக் கொண்டுவந்ததால், கீழே சில இடங்களில் பூச்சு 45 மி.மீ. கனத்தை எட்டியது.

வெளிப்பூச்சின் வழக்கமான கனம் இரண்டு கோட்டும் (அடுக்கும்) சேர்ந்து 20 மி.மீ. ஆகும். நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி எங்காவது 25 மி.மீட்டரைத் தாண்டினால், தளத்தின் துருத்தல் போன்றவற்றை முன்கூட்டியே கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். எவ்வளவு கொத்தலாம் என்பதை உங்கள் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கம்பி வெளியே தெரியும் அளவுக்குக் கான்கிரீட்டைக் கொத்துவது பூச்சுச் செலவைவிடப் பெரிய கேட்டை வரவழைக்கும்.

2. பொருள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ஒரு சதுரத்துக்கு 20 மி.மீ. கனத்தில், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில், சேதாரமும் செங்கல் இடுக்குகளில் போவதும் சேர்த்து ஏறக்குறைய 1.4 மூட்டை சிமெண்டும் 8.5 கன அடி மணலும் தேவைப்படும். 1:4 கலவை என்றால் சிமெண்ட் ஏறத்தாழ 1.7 மூட்டையாகும், மணல் சற்றே குறையும். எங்கள் 37 சதுரத்துக்கு 1:5 கலவையில் 52 மூட்டையும் 315 கன அடி மணலும் வந்தன. மணல் லாரியில் 100 கன அடி ஒரு யூனிட் என்பதால், மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல்.

சிமெண்ட் மூட்டை 380 ரூபாய், பூச்சுக்கான பி-சாண்ட் (கல்லை அரைத்துச் செய்யும் நைசான மணல்) யூனிட் 6,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், சிமெண்ட் ஏறக்குறைய 19,800 ரூபாய், மணல் ஏறக்குறைய 20,500 ரூபாய், ஆகப் பொருள் செலவு 40,300 ரூபாய். உங்கள் ஊர் விலையைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். சாரம் உட்பட எங்களிடம் கேட்கப்பட்ட கூலி சதுர அடிக்கு 28 ரூபாயிலிருந்து 42 ரூபாய் வரை இருந்தது. நாங்கள் 36 ரூபாய்க்குப் பேசினோம். கூலி 1,33,200 ரூபாய், பொருளோடு சேர்த்தால் 1,73,500 ரூபாய். 1,75,000 என்று ஒதுக்கியது இந்தக் கணக்கில்தான்.

இதில் நான் போடாமல் விட்டது கனத்தின் கணக்கு. இதே பரப்பில் பூச்சு சராசரியாக 5 மி.மீ. கூடினால் 13 மூட்டை சிமெண்டும் முக்கால் யூனிட்டுக்கு மேல் மணலும் கூடும். அது ஏறத்தாழ 10,000 ரூபாய். எங்கள் வீட்டில் சராசரி 12 மி.மீ. கூடியதால் 24,000 ரூபாய் போயிற்று. சன்ஷேடு விளிம்பு, சுவரில் இழுத்த கோடுகள், பட்டை வேலை ஆகியவற்றுக்குத் தனிக் கூலி என்று கடைசியில் 14,000 ரூபாய் சேர்ந்தது. தண்ணீர் லாரிக்கும் கம்பிவலைக்கும் 7,000 ரூபாய்.

சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலையை வைத்துப் போட்ட மதிப்பீட்டை யாராவது உங்களிடம் நீட்டினால், புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்.

3. ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்

கூலிக்கு மட்டும் விடுவது ஒரு வகை, பொருளோடு சேர்த்து விடுவது இன்னொரு வகை. பொருளோடு விட்டால் சதுர அடிக்கு ஒரே விலை என்பதால் மனத்துக்கு நிம்மதியாகத் தோன்றும். ஆனால் கனம் குறைந்தாலும் சிமெண்ட் குறைந்தாலும் மிச்சம் ஒப்பந்தக்காரருக்குத்தான் போகும். கூலிக்கு மட்டும் விட்டால் பொருள் வீணாவதைப் பற்றி வேலை செய்பவருக்குக் கவலை இருக்காது, ஆனால் கலவையில் சிமெண்டைக் குறைப்பதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. காலையிலும் மாலையிலும் உங்களால் நேரில் போய் நிற்க முடியும் என்றால் கூலி ஒப்பந்தத்தையே பரிந்துரைப்பேன். வெளியூரில் இருப்பவர் பொருளோடு விடலாம், ஆனால் கனம், கலவை விகிதம், சிமெண்ட் வகை மூன்றையும் எழுதி வாங்காமல் விடக்கூடாது.

எந்த வகையானாலும் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். அதில் கீழ்க்கண்டவை தெளிவாக இருக்க வேண்டும்.

பரப்பை அளக்கும் முறை முதலாவது. பெரும்பாலான சண்டைகள் இதில்தான் வருகின்றன. ஜன்னல், கதவுத் திறப்புகளைக் கழிப்பதா வேண்டாமா என்பதற்கு ஐ.எஸ். 1200 என்ற, கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தர விதியின் 12-ஆம் பகுதி ஒரு வழி சொல்கிறது. அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளைக் கழிப்பதில்லை. அரை முதல் 3 சதுர மீட்டர் வரையுள்ளவற்றை உள், வெளி இரண்டில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே கழிப்பார்கள். அதற்கு மேற்பட்டவற்றை இரு பக்கமும் கழித்துவிட்டு, திறப்பின் ஓரச் சுவர்களைத் தனியே அளந்து சேர்ப்பார்கள். 4 அடிக்கு 4 அடி ஜன்னல் ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர், ஆகவே அது இரண்டாவது வகையில் வரும். உள்பூச்சு வேறொருவரிடம் இருந்தால் எந்தப் பக்கத்தில் கழிப்பது என்பதையும் முடிவு செய்து எழுதுங்கள். இந்த முறை வேண்டாம், உள்ளூர் வழக்கப்படியே அளப்போம் என்றாலும் சரிதான், அந்த வழக்கம் என்ன என்பது தாளில் இருக்க வேண்டும்.

சதுர அடிக் கூலிக்குள் எவை அடங்கும் என்பது அடுத்தது. சாரம் கட்டுவதும் பிரிப்பதும், கான்கிரீட்டைக் கொத்துவது, வலை அடிப்பது, சன்ஷேடு விளிம்பு, ஜன்னல் ஓரம், கைப்பிடிச்சுவரின் உட்புறம், சாரத் துளை அடைப்பது, தண்ணீர் அடிப்பது, குப்பை அள்ளுவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘உண்டு’ அல்லது ‘தனி’ என்று எழுதுங்கள். தனி என்றால் அடிக்கு எவ்வளவு என்ற விலையும் அங்கேயே இருக்கட்டும். நாங்கள் 14,000 ரூபாய் கொடுத்தது இந்த ஒரு பட்டியல் இல்லாததால்தான். அதில் அந்த மேஸ்திரியின் மீது நான் குறை சொல்ல மாட்டேன், பேசாத வேலைக்குக் கூலி கேட்பது அவருடைய உரிமை.

பணம் தரும் கட்டங்கள் மூன்றாவது. சாரம் கட்டி முடித்ததும் 15 சதவீதம், முதல் கோட் முடிந்த பரப்புக்கு 35 சதவீதம், இரண்டாம் கோட் முடிந்ததும் 40 சதவீதம், மீதி 10 சதவீதம் தட்டிப் பார்த்துக் குறை சரிசெய்த பிறகு என்று பிரித்தால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். வாரக் கூலி சனிக்கிழமை தர வேண்டியிருந்தால், அந்த வாரம் முடிந்த பரப்பை அளந்து நோட்டில் எழுதி, மேஸ்திரியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

உயரத்தில் நடக்கும் வேலை என்பதால் தொழிலாளர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டு, அட்டையின் நகலை வாங்கி வையுங்கள். பதிவில்லாதவர்களை வேலை தொடங்குமுன் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள், விபத்து நேர்ந்தால் வாரியத்தின் உதவிகளைப் பெற அந்தப் பதிவு துணையாக இருக்கும். வீட்டுக் கடன் வாங்கியிருப்பவர்கள், பூச்சுக் கட்டத்துக்கான தவணையை வங்கி எப்போது விடுவிக்கும், உள்பூச்சு மட்டும் போதுமா, வெளிப்பூச்சும் முடிய வேண்டுமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்த்துப் பணம் வருவதற்குள் இரண்டு சனிக்கிழமைகள் கடந்துவிடும்.

4. மாதத்தையும் பக்கத்து வீட்டையும் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெளிப்பூச்சைத் தவிர்ப்பது நல்லது. புதிதாகப் பூசிய சுவரில் மழை அடித்தால் சிமெண்ட் கழுவப்பட்டு மணல் துருத்திக்கொண்டு நிற்கும். ஏப்ரல், மே வெயிலில் வேறு சிக்கல், கலவை இறுகுவதற்கு முன்பே ஈரம் வற்றி வெடிப்பு விழும். ஜனவரி முதல் மார்ச் வரை எல்லா வகையிலும் தோதான காலம். கட்டாயமாகக் கோடையில் செய்ய வேண்டியிருந்தால், காலையில் மேற்குச் சுவரும் மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவரும் என்று வெயில் விழாத பக்கமாக வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நான்கு கொத்தனாரும் ஐந்து சித்தாளும் சேர்ந்து 16 நாள் வேலை செய்தார்கள். சாரம் கட்ட இரண்டு நாள், தண்ணீர் அடிக்கக் கடைசியாக ஒரு வாரம் என்று சேர்த்தால் ஒரு மாதம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

பக்கச் சந்து மூன்றடிதான் என்றால் சாரத்தின் கால் பக்கத்து மனைக்குள் நிற்கும். வேலை தொடங்கும் நாளில் போய்க் கேட்காமல், பத்து நாள் முன்பே போய், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பக்கத்து மனை காலியாக இருந்தால் அந்தப் பக்கச் சுவரை முதலில் பூசிவிடுங்கள், அங்கே வீடு எழும்பிய பிறகு அந்தச் சுவருக்குக் கை எட்டாது. மின்கம்பி வீட்டை ஒட்டிப் போனால் சாரம் கட்டுமுன் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துப் பாதுகாப்பு ஏற்பாடு கேளுங்கள். இதில் ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

5. சுவரைத் தயார் செய்யுங்கள்

வெளிச்சுவரில் ஓட்டை போட வேண்டிய வேலை எல்லாவற்றையும் பூச்சுக்கு முன்பே முடியுங்கள். ஏ.சி. குழாய், காற்றுப்போக்கி, கழிவுக் குழாய், மழைநீர்க் குழாய்க்கான பிடிப்புகள், கேமராவுக்கும் இணையத்துக்கும் ஒயர் போகும் குழாய் எல்லாம் இதில் அடங்கும். பூசிய சுவரை உடைத்துப் போடும் ஓட்டையைச் சுற்றி ஒட்டு எப்போதும் சரியாகப் பிடிப்பதில்லை.

கான்கிரீட் தூண், பீம், லிண்டல் (ஜன்னல், கதவுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) ஆகியவற்றின் வழவழப்பான முகத்தைக் கொத்தி விட வேண்டும். உளியால் ஆங்காங்கே நான்கு கொத்து கொத்திவிட்டு முடிந்தது என்பார்கள். உள்ளங்கையை வைத்தால் அதற்குள் பல கொத்துகள் அகப்படும் அளவுக்கு நெருக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். கான்கிரீட்டும் செங்கல்லும் சந்திக்கும் கோடு முழுவதும், இரு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் படியுமாறு கம்பிவலையை இழுத்து ஆணியடிக்க வேண்டும். வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால், வலை இல்லாத இடத்தில் பீமின் அடிக்கோட்டை அப்படியே படியெடுத்தது போல வெடிப்பு ஓடும். வலை தொங்கலாக இருந்தால் அதன் பின்னே கலவை போகாது, ஆகவே விரலால் அழுத்திப் பார்த்து, தளர்ந்த இடங்களில் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.

செங்கல் இடுக்குகளில் பிதுங்கி நிற்கும் கலவையைத் தட்டி எடுத்து, சுவரைத் துடைப்பத்தால் தூசி போகத் தேய்த்து, பூசும் முந்தைய நாள் மாலை நன்றாக நனைக்க வேண்டும். பூசும் நேரத்தில் சுவரில் ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் வடியக் கூடாது.

6. மணல், தண்ணீர், கலவை

பூச்சுக்கு எம்-சாண்ட் (கான்கிரீட்டுக்கான அரைத்த மணல்) வாங்காதீர்கள், அதைவிட நைசான பி-சாண்ட் என்று கேட்டு வாங்குங்கள். பொதுப்பணித்துறையின் தர ஒப்புதல் பெற்ற ஆலையிலிருந்து வருகிறதா என்று கேட்டு, லாரியோடு வரும் நடைச்சீட்டில் ஆலையின் பெயரும் பொருளின் வகையும் இருப்பதைப் படம் எடுத்து வையுங்கள். கல்குவாரித் தூசியைப் பி-சாண்ட் என்று இறக்கிவிட்டுப் போவது நடக்கிறது. ஒரு பிடி எடுத்துக் கையில் தேய்த்து உதறினால், தூசி மணல் உள்ளங்கையில் மாவு போல ஒட்டிக்கொள்ளும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், நேரான பக்கமுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டு, முக்கால் வரை தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் படியும் வண்டல் அடுக்கு, மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மணல் 10 செ.மீ. நின்றால் வண்டல் 8 மி.மீட்டருக்குள் இருக்க வேண்டும். லாரியை இறக்குவதற்கு முன்பு தேய்த்துப் பார்ப்பது, முதல் லோடில் பாட்டில் சோதனை, இந்த இரண்டும் போதும்.

போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் பூச்சில் உப்பு பூத்து, பின்னர் பெயிண்டை உரிக்கும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். தேறாது என்றால் கலவைக்கும் சுவரை நனைப்பதற்கும் லாரித் தண்ணீருக்கு என்று செலவுக் கணக்கில் ஒரு வரி சேருங்கள்.

சிமெண்டில் பூச்சுக்குப் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசோலானா சிமெண்ட்) வகை ஏற்றது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பார்த்து, மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைத் திருப்பி அனுப்புங்கள்.

விகிதம் தாளில் 1:5 என்று இருந்தாலும், தரையில் அது பாண்டுக் (மணலும் கலவையும் அள்ளும் சட்டி) கணக்கில்தான் நடக்கிறது. குவித்து அள்ளிய பாண்டும் தலைதட்டிய பாண்டும் ஒன்றாகாது. தச்சரிடம் சொல்லி, உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்தில் ஒரு மரப்பெட்டி செய்து வையுங்கள். அதன் கொள்ளளவு சரியாக ஒரு மூட்டை சிமெண்டின் அளவு. ஒரு மூட்டைக்கு ஐந்து பெட்டி மணல், தலைதட்டி. அந்தப் பெட்டி வந்த நாளில் முதல் இரண்டு கலவைக்குச் சித்தாள்களுக்குச் சிரமமாக இருந்தது, மூன்றாவது கலவையிலிருந்து அவர்களே அதைத் தேடினார்கள், ஏனென்றால் எண்ணிக்கை தவறியதா என்ற வாக்குவாதம் நின்றுபோயிற்று.

நீர்த்தடுப்புத் திரவம் சேர்ப்பதாக இருந்தால் பெரும்பாலான வகைகளுக்கு மூட்டைக்கு 200 மி.லி., வெடிப்பைக் குறைக்கும் செயற்கை நார் சேர்ப்பதாக இருந்தால் 125 கிராம் பாக்கெட் ஒன்று. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. மேற்குச் சுவருக்கும் மழை நேராக அடிக்கும் சுவருக்கும் இந்தச் செலவு தகும். தண்ணீர் ஊற்றிய கலவை அரை மணி நேரத்துக்குள் சுவருக்குப் போய்விட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஊற்றிய கலவையை, வந்த பிறகு மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறிப் பூச அனுமதிக்காதீர்கள்.

7. பூசும் நாட்களில் எங்கே நிற்க வேண்டும்

வேலை மேலிருந்து கீழாக வரும். முதலில் தூக்குக்குண்டு பிடித்து மட்டப் புள்ளிகள் வைப்பார்கள். அந்த நாள் நீங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் கனத்தையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பூச்சு முழுவதின் கனமும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. 25 மி.மீட்டருக்கு மேல் இருக்கும் புள்ளிகளின் அருகே சுண்ணாம்புக் கட்டியால் எண்ணை எழுதி, அதைக் குறைக்க வழியுண்டா என்று மேஸ்திரியோடு அங்கேயே பேசுங்கள். வழியில்லாத இடத்தில், நடுவே வலை வைத்து, ஒரு அடுக்கு இறுகிய பின் அடுத்த அடுக்கு என்று மூன்று முறையாகப் பூசச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் 40 மி.மீ. அப்பினால் தன் பாரத்தாலேயே தொங்கிச் சுவரிலிருந்து விலகும்.

முதல் கோட் 12 மி.மீ. அளவில் போட்டு, அதன் முகத்தைக் கீறி விட வேண்டும். ஓரிரு நாள் ஈரம் காயாமல் வைத்து, அதன்மேல் இரண்டாம் கோட்டை 8 மி.மீ. அளவில் போட வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டையும் ஒரே பொழுதில் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வெளிச்சுவருக்கு அதை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் கோட் தேய்க்கும்போது ஈரத்தை உறிஞ்சக் காய்ந்த சிமெண்டை முகத்தில் தூவித் தேய்ப்பார்கள். பார்க்க வழவழவென்று இருக்கும். சில வாரத்தில் சிலந்திவலை போல மெல்லிய வெடிப்புகள் முழுப்பரப்பிலும் தெரியும். வெளிச்சுவருக்கு மட்டப்பலகையால் தேய்த்த சொரசொரப்பே போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சரிவுகளை மறக்காதீர்கள். ஜன்னல் அடிப்பகுதி வெளிநோக்கிச் சரிய வேண்டும், கைப்பிடிச்சுவரின் தலை மாடியை நோக்கிச் சரிய வேண்டும், அப்போதுதான் அழுக்குத் தண்ணீர் வெளிச்சுவரில் கோடு கோடாக வழியாது. சன்ஷேடின் அடியில் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒரு காடி இழுக்கச் சொல்லுங்கள். சன்ஷேடின் நுனியைத் தொட்டு உள்நோக்கி ஊர்ந்துவரும் தண்ணீர் அந்தக் காடியில் நின்று சொட்டிவிடும்.

8. சாரத் துளைகள்

எங்கள் படுக்கையறையின் ஈரம் இங்கிருந்துதான் வந்தது. சவுக்குக் கம்பின் ஒரு முனையைச் சுவருக்குள் செருகிச் சாரம் கட்டுவார்கள். பூசிக்கொண்டே இறங்கும்போது கம்பை உருவிவிட்டு அந்தத் துளையை அடைக்க வேண்டும். ஈரம் தெரிந்த இடத்துக்கு நேர் வெளியே தட்டிப் பார்த்தபோது பானையைத் தட்டிய ஓசை வந்தது. உடைத்துப் பார்த்தால், துளைக்குள் கசக்கித் திணித்த சிமெண்ட் சாக்கும் அதன்மேல் விரல்கடை அளவுக்குப் பூச்சும் இருந்தன. அதன் வழியே மழைத் தண்ணீர் ஒன்பது அங்குலச் சுவரைக் கடந்து உள்ளே வந்திருக்கிறது. பிறகு மற்றத் துளைகளையும் தேடி உடைத்தோம், அதே சாக்கு இன்னும் மூன்று இடங்களில் இருந்தது.

சாரம் கட்டி முடித்ததும் ஒவ்வொரு பக்கமும் எத்தனை துளை என்று எண்ணி, படம் எடுத்து வையுங்கள். அடைக்கும்போது துளையை நனைத்து, செங்கல் துண்டுகளை நீர்த்தடுப்புத் திரவம் சேர்த்த 1:3 கலவையில் பதித்து, உள்ளே இறுக்கி, மேலே பூச வேண்டும். அடைக்கும் வேலையை ஒரே கொத்தனாரிடம் ஒப்படைத்து, எண்ணிக்கையைச் சரிபாருங்கள். கூடுதல் செலவை ஏற்க முடிந்தால், சுவரில் துளையே போடாமல் இரண்டு வரிசைக் கால்களில் நிற்கும் சாரத்தைக் கேளுங்கள். வாடகை இரும்புச் சாரம் அப்படி நிற்கும்.

9. தண்ணீர் அடிப்பது

பூசி 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, குறைந்தது ஏழு நாள் சுவர் காயக்கூடாது. முதல் நாள் குழாயின் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்சாமல், தூறல் போல விழும்படி நனைக்க வேண்டும். காலை, மதியம், மாலை மூன்று வேளையும், வெயில் நாளில் நான்கு வேளையும் தேவைப்படும். மேல் பகுதிகள் முதலில் பூசப்பட்டவை என்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் தேதி வேறு. சுவரிலேயே பென்சிலால் பூசிய தேதியை எழுதிவிட்டால் குழப்பம் வராது. சாரத்தை ஏழாம் நாளுக்கு முன் பிரித்துவிட்டால் மேல் பகுதிக்குத் தண்ணீர் எட்டாது, மாடியிலிருந்து ஊற்றுவது சுவரின் எல்லா இடத்துக்கும் போவதில்லை. சாரத்தை வேறு வேலைக்குக் கொண்டுபோக மேஸ்திரிக்கு அவசரம் இருக்கும், ஆகவே பிரிக்கும் தேதியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

10. தட்டிப் பார்த்துக் கணக்கை முடியுங்கள்

சாரம் பிரிக்குமுன், அதன்மேல் பழகியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சிறிய சுத்தியலின் காம்பால் அடிக்கு ஓரிடமாகத் தட்டிப் போங்கள். பொள்ளல் ஓசை வரும் இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு, அதைச் சதுரமாக வெட்டி எடுத்து மறுபடி பூசச் சொல்லுங்கள். ஆணியால் கீறினால் வெள்ளைக் கோடு மட்டும் விழ வேண்டும், மணல் உதிர்ந்தால் அந்தப் பகுதியில் சிமெண்டோ தண்ணீரோ குறைந்திருக்கிறது. ஆறடி அலுமினியச் சட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்து, இடையில் 3 மி.மீட்டருக்கு மேல் வெளிச்சம் தெரிந்த இடங்களை நான் திருத்தச் சொன்னேன்.

மீதி 10 சதவீதத்தைத் தருவதற்கு முன், மழைக்காலம் இல்லையென்றாலும், ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே கால் மணி நேரம் குழாயில் தண்ணீர் விட்டு உள்ளே போய்ப் பாருங்கள். அந்தச் சோதனையை நான் செய்திருந்தால் அந்த ஈரம் மேஸ்திரி இருக்கும்போதே தெரிந்திருக்கும். மழை வந்து தெரிந்தபோது அவர் வேறு ஊரில் வேலையில் இருந்தார், சாரத்தை மறுபடி கட்டிய செலவும் எங்களுடையது ஆயிற்று.

பூச்சு முடிந்து குறைந்தது 28 நாள் கழியும் வரை பிரைமரோ பெயிண்டோ அடிக்க வேண்டாம். அந்த நாட்களில் வெள்ளையாக உப்பு பூத்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பெயிண்ட் ஒப்பந்தக்காரர் ‘பட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பார். பொள்ளலும் வெடிப்பும் பட்டிக்குக் கீழே அப்படியே இருக்கும், ஆகவே அவரை அழைப்பதற்கு முன் பூச்சு மேஸ்திரியின் குறைப்பட்டியல் முழுவதும் சரிசெய்து முடிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத் தாள், வாராந்திர அளவு நோட்டு, நடைச்சீட்டுப் படங்கள், சிமெண்ட் பில்கள், சாரத் துளைப் படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, வீட்டு வரைபடத்தோடு சேர்த்து வையுங்கள்.